இடது பக்கம் திரும்பினால் டிங்

என் மனைவி வீட்டில் எல்லோரும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். அது தப்பு. பயந்தாங்கொள்ளி என்பவன் சும்மா பயப்படுகிறவன். நான் பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் விபத்துப் பிரிவில் எனக்கு வேலை. காலையில் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் மேஜைமேல் போட்டோக்கள் வந்து விழும். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற கார். லாரிக்கு அடியில் புகுந்து பாதி காணாமல் போன கார். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று ஆள் வைத்துக் கேட்க வேண்டிய கார். ஒவ்வொன்றோடும் ஓட்டியவரின் வாக்குமூலம் ஒன்று இருக்கும். எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும்: 'நான் மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தேன்.' இதையெல்லாம் படித்துவிட்டு, சாயங்காலம் நானும் மெதுவாக ஒரு காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட ஒருவனிடம், ஒரு திங்கட்கிழமை காலையில், காபியை நீட்டிக்கொண்டே என் மனைவி சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போறோம். வண்டிய நான்தான் ஓட்டப்போறேன்."

காபியை வாங்கிய கை அப்படியே அதை மேஜையில் இறக்கி வைத்தது. என்னைக் கேட்காமலே வைத்தது.

"அந்த மலைப்பாதையிலயா?"

"வேற பாதை இருந்தா சொல்லுங்க."

"லைசென்ஸ் வாங்கி இன்னும் மை கூடக் காயல."

"அது பிளாஸ்டிக் அட்டைங்க. மையே கிடையாது."

அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. எங்கள் மகள் படுத்த மரக் கட்டில் பரணில் சும்மா கிடந்தது. மகள் காலேஜ் விடுதிக்குப் போயாயிற்று. இனி அவள் அதில் படுக்கப் போவதில்லை. கட்டிலைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும், அப்படியே என் மாமியாரும் புதுப் பேத்தியைப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். ரயிலில் போகலாமே என்றேன். அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது என்றாள். நான் ஓட்டுகிறேனே என்று ஈனக் குரலில் சொல்லிப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்று அவளே முடிவு செய்துவிட்டதாகத் தெரிந்தது.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனபோதே நான் தடுத்திருக்க வேண்டும். பாதியில் விட்டுவிடுவாள் என்று நம்பினேன். ஆனால் அவள் வயலின் டீச்சர். ஒரே வரியை ஒரு பிள்ளை நூறு தடவை தப்பாக வாசித்தாலும் நூற்றியோராவது தடவை கேட்கக் காத்திருக்கிற ஜாதி. அவளாவது பாதியில் விடுவதாவது.

அன்று ஆபீசில் புதிதாக வந்த போட்டோவைக் கையில் எடுத்தேன். மலைப்பாதை. வளைவு. தடுப்புச் சுவரில் ஒரு பெரிய இடைவெளி. அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் இருக்கிற மனைவியும் மாமியாரும், விடுதியில் இருக்கிற மகளும்தான் எனக்கு உலகத்தில் உள்ள மொத்தச் சொத்து. அதில் இரண்டு பங்கை ஒரே வண்டியில் ஏற்றி மலைமேல் அனுப்பச் சொன்னால் யார்தான் சம்மதிப்பார்கள்? அந்த இடத்திலேயே தீர்மானம் செய்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. வானமே இடிந்து விழுந்தாலும் தாண்டக் கூடாது.

இந்த இடத்தில் வண்டியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அது எஸ்டேட் கார். சாதாரணக் காரின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். மாமியார் அதை ரயில் பெட்டி என்பார். சாமான் ஏற்றுவதற்காக நான் அதை வாங்கவில்லை. பின்னால் யாராவது வந்து மோதினால் அந்த இடி எங்களிடம் வந்து சேருவதற்குள் அலுத்துப்போய்த் திரும்பிவிட வேண்டும் என்பதற்காக வாங்கினேன். உள்ளே எத்தனை காற்றுப்பை உண்டோ அத்தனையும் உண்டு. அதற்கு மேல் நானாக வாங்கி வைத்தது தீயணைப்பு சிலிண்டர், கண்ணாடி உடைக்கும் சுத்தி, முக்கோணப் பலகை, முதலுதவிப் பெட்டி, அந்தப் பெட்டியைத் தேட ஒரு டார்ச். டாக்டர்கள் காதில் மாட்டுகிற குழாயோடு திரிவது போல நான் டயரில் காற்று பார்க்கிற இரும்புக் குச்சியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு திரிவேன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது பையில் இருக்கும்.

அந்த வண்டியின் முதுகில் ஒரே ஒரு பள்ளம் உண்டு. அதற்கும் நான் பொறுப்பில்லை. சாலையில் ஒரு நிழல் குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். பின்னால் வந்த பால் வேன்காரன் நிழலைப் பற்றிக் கவலைப்படாத ஆசாமி.

சரி, வண்டியை எப்படி நிறுத்துவது? இதுவரை வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அதன் பெருமையைப் பாடிப் பாடி வைத்திருந்தேன். இதைப் போல நம்பகமான வண்டி இல்லை, பெற்ற பிள்ளை கைவிட்டாலும் இது கைவிடாது என்றெல்லாம் சொன்ன வாய். இப்போது அதே வாயால் வண்டி சரியில்லை என்று சொன்னால் எடுபடாது. வண்டியே சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. என் மனைவியின் பலம் அவள் காது. பக்கத்து வீட்டு அழைப்பு மணியில் சுருதி பிசகினால் இங்கே அவளுக்குத் தலைவலி வரும். அந்தக் காதிலேயே அடிக்க வேண்டும்.

வயலின் வில்லில் தேய்க்க அவள் வாங்குகிற ரோசின் ஒரு சின்னத் தகர டப்பாவில் வரும். காலி டப்பா ஒன்று அவள் அலமாரியில் இருந்தது. அதை எடுத்து உள்ளே நாலைந்து நட்டுகளைப் போட்டு மூடினேன். வண்டியின் பின்பக்கம், உபரி டயருக்குப் பக்கத்தில், விரிப்புக்குக் கீழே வைத்தேன். குலுங்கினால் கடகடவென்று பிரமாதமான சத்தம் வந்தது. எனக்கே பயமாக இருந்தது.

மறுநாள் அவளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். தேடித் தேடிப் பள்ளத்தில் விட்டேன். கடகட. கடகட. அவள் ஜன்னல் வழியாகத் துணிக்கடையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் நானே கேட்க வேண்டியதாயிற்று.

"ஏம்மா, பின்னால ஏதாவது சத்தம் கேக்குதா?"

"கேக்குதே."

"பயமா இல்ல?"

"எதுக்குப் பயம்? இந்த வண்டி நம்மளக் கைவிடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

நான் போட்ட பாட்டை எனக்கே திருப்பிப் போட்டாள். எதற்கும் மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம் என்றேன். தாராளமாகக் காட்டலாம் என்றாள்.

எங்கள் மெக்கானிக்குக்கு ஆஹா என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது இல்லை, வாடிக்கைக்காரர்கள் வைத்தது. பானெட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டதும் "ஆஹா" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு வாசலில் நிற்கிற ஆட்களுக்கு முகம் வெளுத்துப் போகும். நான் முன்கூட்டியே தனியாகப் போய் அவரைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். டீச்சரைப் பயமுறுத்த வேண்டும் என்றேன். எந்த அளவுக்கு என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்குப் போகிற அளவுக்கு என்றேன். தலையைச் சொறிந்தார். அவருடைய மகள் என் மனைவியிடம்தான் வயலின் படிக்கிறாள் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவருக்கு வந்திருக்கிறது.

மாலையில் மூவரும் வண்டியைச் சுற்றி நின்றோம். அவர் பின்கதவைத் தூக்கினார். "ஆஹா" என்றார். அச்சு ஆட்டம் கொடுக்கிறது, மலை ஏறினால் தாங்காது என்று நான் சொல்லிக்கொடுத்ததை வரி பிசகாமல் ஒப்பித்தார். என் மனைவி பதறவில்லை. அப்படியானால் வண்டி இன்று இங்கேயே இருக்கட்டும், நன்றாகப் பார்த்துச் சரி செய்து வையுங்கள் என்று மட்டும் சொன்னாள். நாங்கள் நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் நான் மனத்துக்குள் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தேன். ரயில் டிக்கெட் போட்டுவிடலாமா என்று கூடக் கேட்டேன். பார்க்கலாம் என்றாள்.

அடுத்த நாள் வண்டியை எடுக்க நான் மட்டும் போனேன். பின்பக்கம் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். டப்பாவைக் காணோம். ஆஹா அதை அப்புறப்படுத்திவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்னைத் தனியாக அழைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"சார், பின்னால ஒண்ணுமில்ல. அது நம்ம நாடகம். முன்னால ஒண்ணு இருக்கு."

"இதுவும் நாடகம்தானே?"

"ஓட்டிப் பாருங்க சார். இடது பக்கம் திருப்புங்க."

திருப்பினேன். டிங்.

கடகட இல்லை, கிரீச் இல்லை. சுத்தமான, மெல்லிய ஒரு டிங். டாஷ்போர்டுக்கு உள்ளே எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. வலது பக்கம் திருப்பினேன். ஒன்றுமில்லை. மறுபடி இடது. டிங். திரும்பி வந்து ஆஹாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டியரிங்கா, பிரேக்கா, எது என்று கேட்டேன். இப்போதைக்கு ஒன்றும் ஆகாது என்றார். நிதானமாக ஓட்டுகிறவர் கையில் இருந்தால் இந்த வண்டி இன்னும் பல வருஷம் ஓடும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"திடீர் திடீர்னு பிரேக் போடுற ஆளு மட்டும் இதைத் தொடவே கூடாது சார்."

திடீர் திடீரென்று பிரேக் போடுகிற ஆள் அங்கிருந்து வீட்டுக்கு எப்படி வந்தான் என்று கேட்காதீர்கள். இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் மூன்று முறை வலது பக்கம் திரும்பினேன். ஒவ்வொரு தெருவையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஒரே காவலாளி என்னை மூன்று தடவை பார்த்து, நான்காவது தடவை எழுந்து நின்றுவிட்டான். வீட்டு வாசல் இடது கைப்பக்கம். அதில் நுழையத் தைரியம் வரவில்லை. வண்டியை எதிர் ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து உள்ளே போனேன்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய்யாக ஒரு சத்தத்தை வைக்கப் போய் மெய்யான சத்தத்தைக் கொண்டுவந்துவிட்டேனே என்று அடித்துக்கொண்டேன். வண்டி என் மேல் கோபித்துக்கொண்டதோ என்று கூடத் தோன்றியது. இத்தனை வருஷம் பெருமை பேசிவிட்டு முதுகுக்குப் பின்னால் நட்டு டப்பாவை வைத்தால் எந்த வண்டிக்குத்தான் மனம் ஒடியாது? ஆபீசில் எந்தப் போட்டோ வந்தாலும் முதலில் வண்டி எண்ணைத்தான் பார்த்தேன். அடுத்த போட்டோவில் எங்கள் வண்டி எண் இருக்குமோ, அதற்கு நானே கையெழுத்துப் போட வேண்டி வருமோ என்று ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டு போகவே மாட்டேன் என்றது.

வெட்கத்தை விட்டு மனைவியிடமே போனேன். அவள் ஒரு மாணவிக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். சுருதி பார்க்கிற இரும்புக் கவையைக் காணோமாம். வாயாலேயே "ஆ" என்று சுருதி கொடுத்துக்கொண்டிருந்தாள். மாணவி போனதும் அவளை வண்டியில் உட்கார வைத்து, தெரு முனைவரை ஓட்டி, கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம் திருப்பினேன். டிங்.

"கேட்டியா?"

"என்னத்தை?"

"டிங்னு ஒண்ணு."

அவள் தலையைச் சாய்த்து நிதானமாகக் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

மூன்றாவது வீட்டில் பால் பொங்கினால் கேட்கிற காது அது. அந்தக் காதுக்குக் கேட்கவில்லை என்றால், ஒன்று வண்டி போயிற்று, இல்லாவிட்டால் என் புத்தி போயிற்று. இரண்டில் எது மேல் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கட்டில் பின்பக்கம் ஏறியது. வயலினும் ஏறியது. மாமியார் முன் சீட்டில் ஏறினார். என் மனைவி அப்போதுதான் பெரிய மனசு பண்ணுவது போலச் சாவியை என்னிடம் நீட்டினாள்.

"உங்களுக்கு அவ்வளவு பயமா இருந்தா நீங்களே ஓட்டுங்க. நான் ஒண்ணும் சொல்லல."

சாவியைப் பார்த்தேன். திடீர் திடீரென்று பிரேக் போடுகிற ஆள் தொடவே கூடாது. போக வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாமியார், "மாப்பிள்ளை வரலேன்னா வீட்டுல இருக்கட்டும்மா, நாம போயிட்டு வந்துடலாம்" என்றார். அவர்களைத் தனியாக அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்து போனுக்குக் காத்திருப்பதா? அதற்கு மலையிலிருந்து விழுவதே மேல். சேர்ந்தே போய்விடலாம்.

"நீயே ஓட்டு" என்றேன். இந்த வாயால் சொன்னேன்.

பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கினேன். கட்டில் கால் ஒன்று என் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. தீயணைப்பு சிலிண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, அதை என் பின்மண்டைக்கு நேரா பிடிக்காதீங்க" என்றாள் கண்ணாடியில் பார்த்து.

மலை தொடங்கியது. இடது பக்கம் வளைவு வரும்போதெல்லாம் டிங். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத பக்கத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டு வந்தேன். டிங். தடுப்புச் சுவர் சில இடத்தில் இருந்தது, சில இடத்தில் இருந்ததற்கான அடையாளம் இருந்தது. டிங். உள்ளங்கை வியர்த்து சிலிண்டர் வழுக்கியது. வேகத்தைக் குறை என்று சொன்னேன். நம்மை ஒரு நடைப்பயணி முந்திக்கொண்டிருக்கிறான் என்றாள். எட்டிப் பார்த்தேன். அது உண்மைதான்.

ஒரு வளைவில் லாரி வந்தது. அதன் பக்கத்தில் வராமல் எங்கள் பக்கத்தில் வந்தது. அதன் முகப்பு கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது லாரி பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவள் பாறை ஓரமாக வண்டியை ஒதுக்கி, வேகத்தைக் கொஞ்சமாகத் தளர்த்தி, வில்லை இழுப்பது போல ஒரே இழுப்பில் தாண்டியிருந்தாள்.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் வாலை ஒட்டி ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் நான் ஓட்டியிருந்தால் பிரேக்கை அழுத்தி நின்றிருப்பேன். பஸ் கட்டில் வழியாக உள்ளே வந்திருக்கும். அந்தப் போட்டோ எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ முறை அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். லாரியை விட அந்த எண்ணம்தான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

இத்தனை அமர்க்களத்திலும் முன் சீட்டில் மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார்.

போய்ச் சேர்ந்தோம். குழந்தையைப் பார்த்தோம். என் விரலைப் பிடித்துக்கொண்டு அது என்னைப் பார்த்துச் சிரித்தது போலிருந்தது. குழந்தைக்கு ஒரு பாட்டு வாசியுங்கள் என்று தங்கை கேட்க, என் மனைவி வயலின் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ரோசின் டப்பா இருந்தது. என் டப்பா. மூடியில் நான் நட்டைப் போட்டபோது விழுந்த கீறல் கூட அப்படியே இருந்தது.

நான் டப்பாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ, என்னை அழைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் வந்தாள்.

"பத்து வருஷமா அந்த மாதிரி டப்பாவைத்தான் தினமும் திறந்து மூடுறேன். அது எங்க கிடந்து குலுங்கினாலும் எனக்குத் தெரியாதாங்க?"

"அப்ப அந்த டிங்?"

அவள் வண்டிக்குப் போய் டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டாள். நூலில் கட்டித் தொங்கிய, தட்டினால் சுருதி கொடுக்கிற அந்த இரும்புக் கவையை வெளியே எடுத்தாள். இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் அது ஆடிப்போய் இரும்புச் சட்டத்தில் இடித்திருக்கிறது. கட்டியது ஆஹா. சொல்லிக்கொடுத்தது டீச்சர். அவள் எடுத்துக் காட்டியபோது எனக்குக் கோபம்தான் வர வேண்டும். வந்தது நிம்மதி. வண்டிக்கு ஒன்றுமில்லை. அங்கிருந்த கல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"இப்படியா ஒரு மனுஷனப் பயமுறுத்துறது? ஒரு வாரமா நான் சாப்பிடல."

"நான் எத்தனை வருஷமா பயந்துக்கிட்டிருக்கேன், தெரியுமா உங்களுக்கு?" அவள் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "நீங்க ஓட்டும்போதெல்லாம் நான் கண்ணாடியில பின்னாலயே பாத்துக்கிட்டு வருவேன். முன்னால எது வந்தாலும் உங்களுக்குப் பயம். நீங்க டக்குனு நிறுத்துவீங்களே, பின்னால வர்றது நிக்குமான்னு எனக்குப் பயம். அம்மா இன்னைக்குத்தான் முதல்முதலா நம்ம வண்டியில தூங்கினாங்க."

யோசித்துப் பார்த்தேன். மாமியார் என் வண்டியில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விழித்த கண்ணோடு வருவார். வெளியே வேடிக்கை பார்ப்பதில் அவருக்கு ஆர்வம் அதிகம் என்று நினைத்திருந்தேன். காற்றுப்பை, சுத்தி, முக்கோணப் பலகை என்று எல்லாவற்றையும் சரிபார்த்த நான், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சாமானை மட்டும் சரிபார்க்கவில்லை. அவளிடம் அதைச் சொன்னேன். அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

இதோடு கதையை முடித்திருந்தால் நானும் கௌரவமாக வீடு வந்து சேர்ந்திருப்பேன். ஆனால் மறுநாள் காலை, அங்கேயே நன்றாகத் தூங்கி எழுந்து வயிறு நிறையச் சாப்பிட்டதும், என் பழைய புத்தி திரும்பிவிட்டது. வண்டியில்தான் ஒரு கோளாறும் இல்லையே. தங்கை புருஷன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் பின் சீட்டில் ஏறுவதா? பொறுமையாக, நிழலுக்கெல்லாம் பிரேக் போடாமல் ஓட்டிக் காட்டுகிறேன் என்று தீர்மானம் செய்து சாவியைக் கேட்டேன்.

அவள் உடனே சாவியை என் கையில் வைத்தாள். "இதையும் நீங்களே பத்திரமா வச்சுக்கோங்க. என்கிட்ட இருந்தா மறுபடி சந்தேகப்படுவீங்க" என்று கவையைத் தூக்கி என் சட்டைப் பையில், காற்று பார்க்கிற குச்சிக்குப் பக்கத்தில் செருகிவிட்டாள். பெருந்தன்மை என்றால் அதுதான் என்று நினைத்தேன்.

வண்டியைக் கிளப்பினேன். தெரு முனையில் மிக நிதானமாக இடது பக்கம் திருப்பினேன்.

டிங்.

பிரேக்கை அழுத்தினேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மாமியார் கண்ணை அகல விரித்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப கேட்டுச்சா உனக்கு?" என்றேன்.

"கேட்டுச்சுங்க" என்றாள் என் மனைவி. "இப்ப நல்லாவே கேட்டுச்சு."

பையைத் தொட்டுப் பார்த்தேன். கவை அங்கேதான் இருந்தது. அப்படியானால் இது நாடகம் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன். பானெட்டைத் தூக்கி உள்ளே குனிந்தேன். டிங். நின்றுபோன வண்டி சத்தம் போடுவதை என் சர்வீஸில் நான் கேள்விப்பட்டதே இல்லை. இடது முன் சக்கரத்துப் பக்கம் குனிந்தேன். டிங். பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டு, சாவியை அவளிடம் நீட்டினேன்.

மலை இறங்குகிறவரை அது விடவில்லை. அதுவும் சத்தம் இப்போது டாஷ்போர்டில் இல்லை. பின் சீட்டுக்கே வந்துவிட்டது. நோய் வண்டி முழுக்கப் பரவிவிட்டது என்று புரிந்துகொண்டேன். இனி இந்த ஸ்டியரிங்கை நான் தொடுவதில்லை, எங்கே போனாலும் நீயே ஓட்டு என்று மாமியாரைச் சாட்சி வைத்து மனைவியிடம் சத்தியம் செய்தேன். நடுவில் மனம் மாறக் கூடாது என்றாள். மாறாது என்றேன். மாமியார் அதைக் கேட்டுவிட்டுத் தூங்கிப் போனார்.

உயிரோடு வீடு வந்து சேர்ந்தோம். அவள் வண்டியைப் பூட்டிவிட்டு உள்ளே போனாள். நான் வாசற்படியில் நின்று ஒரு பெருமூச்சு விட்டு, ஷூவைக் கழற்ற இடது பக்கமாகக் குனிந்தேன்.

டிங்.